சங்கரியின் கால் அளவு

கணபதி, கோயம்புத்தூர்
18.7.94

அன்புள்ள அம்மாவுக்கு, கோமதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? சங்கரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

எங்கள் பேங்க் ஊழியர்கள் எல்லோரும் வீடு வீடாகப் பழைய பேப்பர் கேட்டு வாங்கி விற்று, இங்குள்ள ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குச் செருப்பு வாங்கப் பணம் சேர்த்தோம். நேற்று அளவெடுக்கப் போனோம். ஒவ்வொரு பிள்ளையையும் தாளில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். அன்புக்கரசி என்ற ஆறு வயதுப் பெண் கூச்சம் தாங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, உங்களுக்குப் பாப்பா இருக்குதுங்களா?"

"இருக்கு. உன் வயசுதான்."

"அதுக்குச் செருப்பு எத்தன நம்பருங்க?"

எனக்குத் தெரியவில்லை அம்மா. மாற்றலாகி வந்த இந்தப் பத்து மாதத்தில் சங்கரி வளர்ந்திருப்பாளே. "தெரியலையே" என்றேன். "எம்பட காலையே வெச்சுக்குங்க, செரியா இருக்கும்" என்று அன்புக்கரசி புதுத் தாளில் ஏறி நின்றாள். அதையும் வரைந்துகொண்டேன்.

கவலைப்படாதீர்கள், சிரித்துக்கொண்டுதான் வரைந்தேன். கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். சங்கரியின் காலையும் ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். தபால்பெட்டி திறக்கும் நேரமாகிவிட்டது. அவள் நெளிந்து கோடு கோணலானாலும் பரவாயில்லை, அழிக்காமல் அப்படியே அனுப்புங்கள்.

கோமதி