இரண்டு வாசலையும் கூட்டிவிட்டேன்

மொன்றியல், 26 ஜனவரி 2009, திங்கள்

இன்று சீனப் புத்தாண்டு என்பது எனக்குத் தெரியாது. காலையில் எதிர்வீட்டுச் சீன அம்மாவின் வாசலிலும் எங்கள் வாசலிலும் சிவப்புத் தாள் துண்டுகள் சிதறிக் கிடந்தன. பிள்ளைகளின் வேலை என்று நினைத்தேன். உதவியாக இருக்கட்டுமென்று இரண்டு வாசலையும் கூட்டி, கீழே கொண்டுபோய்ப் போட்டேன். குப்பை லொறியும் வந்து எடுத்துப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது அந்த அம்மா என் கையிலிருந்த தும்புத்தடியையே பார்த்தபடி நின்றார். முகத்தில் இரத்தமில்லை. அவருடைய மகள்தான் பிரெஞ்சில் விளக்கினாள். இந்தக் கட்டடத்தில் வெடி கொளுத்த விடமாட்டார்கள். அதனால் வெடித்தாளுக்குப் பதிலாக அம்மா சிவப்புத் தாளைக் கிழித்துத் தூவுவாராம். இன்று கூட்டினால் வருடத்தின் நல்லதெல்லாம் வெளியே போய்விடுமாம். "நாங்கள் இதை நம்புவதில்லை, பயப்படாதீர்கள்" என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டினால் இலட்சுமி போய்விடுவாள் என்று பயப்படுகிறவள் நான். எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

இவரிடம் சொன்னேன். "விசர்க்கதை கதையாதையும், பேசாமல் படும்" என்றார். ஆனால் அவரும் படுக்கவில்லை. டெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்.

பொங்கலுக்குப் பிறகு சண்டை நடக்கிற வன்னியிலிருந்து என் அண்ணை கதைக்கவேயில்லை. நான் எங்கள் வாசலையும் சேர்த்தல்லவா கூட்டினேன்.