படிவத்தின் பின்பக்கம்

கொரின்,

வேன் சாவி ரொட்டிப் பெட்டி மேல இருக்கு. பீன்ஸ் சூப்பைப் பதினோரு மணிக்கு இறக்கிடு.

"ரெண்டு வருஷமா வீட்டுலயே தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தேன், நம்ம திர்சா மண்டையில ஒண்ணும் ஏறல"ன்னு நேத்து அழுதே. "அப்போ ஸ்கூலுக்கே அனுப்பு"ன்னு நானும் எரிஞ்சு விழுந்தேன். தப்புதான்.

பைபிளுக்கு அடியில நீ வெச்சிருந்த ஸ்கூல் சேர்க்கைப் படிவத்தை வெத்துத் தாள்னு நினைச்சு, காலை ஜெபம் முடிஞ்சதும் திர்சா அது பின்னாடி உலக வரைபடம் போட்டுட்டா. அட்லஸைத் தொடவே இல்ல. நான்தான் திறந்து சரிபார்த்தேன். நைல், யோர்தான், டைபர், எல்லா ஆறும் அதது இடத்துல ஓடுது. எனக்கு ஒண்ணுகூடத் தெரியாது.

வெண்டல்

பி.கு. இனி வேண்டாம்னு நீ கொடுக்கறதா சொன்ன லத்தீன் பாடப் புத்தகங்களை எடுத்துட்டுப் போக பாஸ்டர் சம்சாரம் பத்து மணிக்கு வராங்க. படிவத்தைத் திருப்பிப் பார்த்துட்டு அப்புறம் கதவைத் திற.