மஞ்சள் காருக்கு ஒரு வரி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணா,

நேற்றுத்தானே பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். அம்மா போனைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரையும் போட்டுவிடுகிறாள். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்ததும் எனக்கு வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. "உனக்கு என்ன விசேஷம்?" என்றாய். "ஒன்னுமில்லை" என்றேன். இருந்தது. எழுதினால்தான் எனக்கு வரும்.

இன்சூரன்ஸ் அலுவலக வேலை பழகிவிட்டது. மோதி நசுங்கிய கார்களின் படங்கள் என் மேசைக்கு வரும். எந்தப் பக்கம் அடி, எவ்வளவு சேதம் என்று பார்த்து எழுத வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் நான் இன்னும் ஓரத்து நாற்காலிதான். ஒரு நாள் அவரவர் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "எங்கப்பா ஸ்கூல் வேன் ஓட்டினார்" என்றேன். "இப்போ?" என்றார்கள். "இப்போ ஓட்டலை" என்றேன். அவருக்கு ஓரப்பார்வை போய், உலகத்தையே குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆன கதையைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நேற்று வீடியோவில் பேசிக்கொண்டே தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினாய். பாட்டில் உன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நீ மேசையைத் தடவித் தேடி எடுத்தாய். சும்மாதான் கேட்கிறேன், உன் அறையில் வெளிச்சம் சரியாக இருக்கிறதா?

நீ துறைமுக வேலைக்குக் கிளம்பிய அன்று பேருந்தின் ஜன்னல் வழியாகச் சொன்னதை மறக்கவில்லை. "நீ படிச்ச புள்ள. எப்ப எழுதினாலும் கடைசியில என் காரைப் பத்தி ஒரு வரி எழுது. அது போதும், மனசு விட்டுப் போகாம ஓட்டிடுவேன்" என்றாய். இதோ அந்த வரி: நம் தெருவுக்குப் புதுத் தார் போட்டுவிட்டார்கள். நீ வாங்கப் போகிற மஞ்சள் கார் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் வயிறு தட்டாமல் வாசல் வரை வரும்.

உன் அன்புத் தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள டிகிரி,

உன் கடிதத்தைப் பார்த்து அறையில் இருக்கிறவன்கள் "யாருடா பொண்ணு?" என்று பிடித்துக்கொண்டார்கள். "எங்க வீட்டோட முதல் டிகிரி எழுதியிருக்கு, எழுந்து நின்னு கேளுங்கடா" என்றேன்.

அறையில் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. என் வேலை இடத்தில்தான் இல்லை. கப்பலின் வயிற்றுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். புதுக் கார்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல் நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்து, சரிவில் இறக்கி, யார்டில் வரிசை பிசகாமல் விட வேண்டும். பெல்ட், வாட்ச், மோதிரம் எதுவும் ஆகாது, கீறல் விழுமாம். எங்கள் சட்டைப் பொத்தானுக்குக்கூட மேலே துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். சீட்டெல்லாம் பிளாஸ்டிக் உறை. உட்கார்ந்தால் கடையில் கட்டிக் கொடுத்த பொட்டலம் மாதிரி இருக்கும். எத்தனையோ உசத்தியான வண்டி ஓட்டிவிட்டேன், எதையும் இரண்டாவது கியரைத் தாண்டி ஓட்டியதில்லை. அதில் ஒன்றாவது என்னுடையதாக இருந்து, யாரும் கொடி காட்டாத ரோட்டில் நான் பாட்டுக்குப் போக வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

இங்கே எனக்குப் பெயரே மஞ்சள்தான். வழி காட்டும் கொடிக்காரர் போன வாரம் கத்திவிட்டார். "ஏய் மஞ்சள், நான் இங்க நிக்கிறேன், நீ எங்கய்யா பாக்குற?" வெயிலில் இருந்து உள்ளே நுழைந்தால் கண் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எல்லோருக்கும் அப்படித்தான்.

சில நாள் காலையில் கட்டிலை விட்டு எழவே பிடிக்கவில்லை. வீட்டுச் சுவரிலிருந்து உரித்து வந்து அலமாரிக் கதவில் ஒட்டிய மஞ்சள் கார் படத்தைத் தொட்டுவிட்டுக் கிளம்புகிறேன். பையில் அந்தக் காருக்கென்று வாங்கிய சாவி வளையம் இன்னும் இருக்கிறது, சாவிதான் இல்லை. அடுத்த மாதக் கப்பலில் மஞ்சள் வண்டிகள் வருகின்றன என்று சூப்பர்வைசர் சொன்னார். "மாப்பிள்ளைக்குத்தான் முதல் வண்டி" என்று கிண்டல் வேறு. நானும் விடவில்லை, சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மஞ்சள் காரின் வருங்கால ஓனர்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொட்டலம் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கொடிக்காரர் கத்திய இடம் வந்ததும் "நிறுத்து" என்றார்.

"அந்த ஆளு எந்தப் பக்கம் நின்னாராம்?"

"அதை எழுதலைப்பா."

"பக்கவாட்டுல நின்னிருப்பாரு. நேரா நின்னிருந்தா இவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ள ஏதோ ஆசையா எழுதியிருக்கான். உங்களுக்கு வாயைத் திறந்தா அபசகுனம்தான்" என்றாள். "நான் சகுனம் பேசலடி, என் கண்ணைப் பேசுறேன்" என்றார் அப்பா.

இருட்டில் கண் பழகவில்லை என்று அவரும்தான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை ஏற்றி வந்த ஒரு மாலை, வேன் பாலத்தின் சுவரில் உரசிய பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கண் டாக்டர் அன்றைக்கே சொன்னார், "இது பரம்பரையா வரலாம், பிள்ளைகளையும் ஒருமுறை கூட்டிட்டு வாங்க" என்று. கூட்டிப் போகவில்லை. அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை.

அண்ணா, அங்கே ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிடேன். ஒன்றும் இல்லை என்றால் நல்லதுதானே. என்மேல் கோபப்படாதே.

காருக்கு வரி: இருக்கை இரண்டுதானே உன் காரில். உன் பக்கத்தில் முதலில் யார் உட்காருவது என்று அம்மா இப்போதே அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறாள்.

உன் அன்புத் தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

என் கடிதத்தை அப்பாவுக்கு வாசிக்கச் சொல்லி உன்னை யார் கேட்டது? டாக்டர், பரம்பரை என்று எனக்குப் பாடம் எடுக்காதே. இங்கே கண்ணில் கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் என்ன செய்யட்டும்? அப்பா மாதிரி கூடத்தில் உட்கார்ந்து, வாசலில் போகிற வண்டிச் சத்தத்தை வைத்து என்ன வண்டி என்று சொல்லிக்கொண்டிருக்கவா?

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கப்பல் வந்தது. முதல் மஞ்சள் வண்டியை எனக்கே கொடுத்தார்கள். எல்லோரும் விசில் அடித்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவ்வளவு சந்தோஷம். சரிவுக்குத் திரும்பும்போது "டொம்" என்று ஒரு சத்தம். கொடிக்காரர் கீழே கிடந்தார். இடது பக்கம் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருக்கிறார். சத்தியமாக என் கண்ணுக்கு அங்கே ஆளே இல்லை. அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. "தரை வழுக்கிடுச்சு" என்று ஆபீசில் சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டார். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்று சூப்பர்வைசர் என் முதுகில் தட்டினார்.

அவரைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ என்னைப் பாத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார். "பாத்தேண்ணே, பிரேக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றேன்.

மாதக் கடைசியில் அடுத்த கப்பல். படத்தைத் தொட்டால் இப்போது ஒன்றும் தோன்றவில்லை. வெறும் காகிதமாக இருக்கிறது. நீ எழுது. எப்போதும் எழுதுகிற மாதிரி நல்லதாக ஒரு வரி எழுது. அது இருந்தால் இந்தக் கப்பலையும் ஓட்டிவிடுவேன்.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

கப்பல் வருவதற்குள் கிடைக்க வேண்டுமே என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் மெசேஜாக அடித்து அடித்து அழித்தேன். பார்த்த உடனே நீ கூப்பிடுவாய், நானும் "ஒன்னுமில்லை" என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

உன் கடிதத்தை இந்த முறை யாருக்கும் வாசிக்கவில்லை. "அண்ணன் என்ன எழுதியிருக்கான்?" என்று அம்மா கேட்டாள். மஞ்சள் வண்டி ஓட்டியதாக எழுதியிருக்கிறாய் என்றேன். உடனே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்ல ஓடினாள். அப்பா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் எதையும் கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் மேசைக்கு வரும் படங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், அண்ணா. கார் மட்டும்தான் இருக்கும். நசுங்கிய கதவு, உடைந்த விளக்கு, சில நேரம் இருக்கையில் யாருடைய செருப்போ ஒன்று. கூடவே ஓட்டியவர் எழுதிக் கொடுத்ததும் வரும். முக்கால்வாசிப் பேர் எழுதுவது ஒன்றுதான். ஆள் நின்றதைப் பார்க்கவில்லை என்று. அவர்கள் கவனக்குறைவாக ஓட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். உன் கடிதம் வந்த பிறகு அப்படிப் போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு மஞ்சள் கார் வந்தது. நீ சொல்கிற அதே ஜாதி. அதை மட்டும் வேறு மேசைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். இந்த அலுவலகத்தில் நானாக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல்முறை.

கொடிக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவர் உன்னைக் காட்டிக் கொடுக்கக் கேட்கவில்லை. அடுத்த கப்பலில் உன் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்று யோசித்துத்தான் கேட்டிருப்பார்.

டாக்டர் கூப்பிட்டும் நாம் ஏன் போகவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா சாவியைக் கொடுத்த அந்த வாரம்தான் நீ அந்தக் கார் படத்தைக் கொண்டுவந்து நம் வீட்டுச் சுவரில் ஒட்டினாய். அன்றிலிருந்து நம் வீட்டில் கண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை, கார் பேச்சுதான். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. நானும் அழகழகாக வரி எழுதிக்கொண்டே இருந்தேன். நீ சோர்ந்தபோதெல்லாம் உன்னை மறுபடியும் ஸ்டியரிங்கில் உட்கார வைத்தது அந்த வரிகள்தான்.

அதனால் இந்தக் கடிதத்தில் காருக்கு வரி இல்லை. என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் சரி. இனி எழுத மாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் வேறு எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலக மாடிப்படியில் பல்பு போய்விட்டது. எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டே தடதடவென்று இறங்குகிறார்கள். நான் சுவரைத் தடவிக்கொண்டு கடைசியாக இறங்குகிறேன். முதலில் கூச்சம் என்று நினைத்தார்கள், நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். போன வாரம் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்தவளின் டம்ளரைத் தட்டிவிட்டேன். அங்கே டம்ளர் இருந்தது எனக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

உன்னை வரவழைக்க நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்காதே. அப்படி நினைத்தாலும் பரவாயில்லை, வா. அப்பாவைப் பார்த்த டாக்டர் இன்னும் அதே கட்டிடத்தில்தான் இருக்கிறார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. கப்பல் வருவதற்கு முன் கிளம்பி, எனக்குத் துணைக்கு வருகிறாயா, அண்ணா?

உன்,
டிகிரி