உங்கள் தீவில் உங்களுக்கே இடமில்லை

ஆசைப் பெரியண்ணைக்கு,

முதலில் உங்களை ஏசிவிட்டுத்தான் மற்றக் கதை. செத்த பிறகும் ஒரு மனிதன் தங்கச்சியை இப்படி அலைக்கழிக்கலாமா?

ஹரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என்ன கேட்டீர்கள்? "சாம்பலை என்ரை தீவிலை கொண்டுபோய்த் தூவிவிடு, பிள்ளை." நானும் அழுதழுது "ஓம் அண்ணை" என்றேன். அந்தத் தீவுக்குள் வெளியிலிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி இருப்பதை ஏன் சொல்லவில்லை? அதை எழுதியவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை ஏன் சொல்லவில்லை?

தீவைப் பராமரிக்கும் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன். "மன்னிக்க வேண்டும். எரிமலைப் பாறையில் தானாக என்ன முளைக்கிறது என்று பார்க்கிற இடம் அது. ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விடவேண்டும். இதில் எங்கள் எல்லோரையும் விடக் கண்டிப்பானவர் உங்கள் அண்ணன்தான்" என்றாள். எரிமலை கக்கிய சாம்பலே இறுகிக் கல்லான தீவு! அதில் உங்கள் சாம்பலுக்கு இடமில்லையாம்.

நாங்கள் சுண்ணாம்புக்கல் ஊரில் பிறந்தவர்கள். இந்தக் கரும்பாறைப் பைத்தியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? கலியாணமும் கட்டாமல் ஒவ்வொரு கோடையும் வடக்கே அந்தத் தீவுக்கு ஓடினீர்கள். என் மகள் பெரியபிள்ளையாகி நடந்த சாமத்தியச் சடங்கன்றுகூட அங்கே பறவைகளைக் காக்க எலிப்பொறி வைத்துக்கொண்டிருந்தீர்கள். தாய்மாமன் இல்லாத சடங்கு! ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற எங்கள் ஊர்ச்சனம் முழுக்க என்னிடம்தான் காரணம் கேட்டது. "அண்ணை எலி பிடிக்கப் போயிட்டார்" என்று எப்படிச் சொல்வது?

என்றாலும் சாம்பலோடு புறப்பட்டேன். என் மனுசன், உங்கள் மச்சான், காதோடு சொன்னார்: "இஞ்சேரும், ஒரு சிட்டிகையை லேஞ்சியிலை முடிஞ்சு கொண்டு போம். ஆர் பாக்கப்போகினம்?" நானும் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

இறங்குதுறையில் அந்தப் பெண் என் சப்பாத்தின் அடியைத் தூரிகையால் தேய்த்தாள். கைப்பையைக் கவிழ்த்தாள். மூலையில் கொத்தமல்லி விதை இரண்டு கிடந்தன. ஏதோ குண்டைக் கண்டதுபோல இடுக்கியால் எடுத்து ஒரு குப்பியில் போட்டு மூடினாள். சாம்பல் செம்பைப் படகிலேயே வைக்கச் சொன்னாள். சட்டைக்குள் இருந்த லேஞ்சியை மட்டும் அவள் காணவில்லை.

மேலே ஏறினேன். கறுத்த பாறை, காற்று, காது கிழியும் பறவைச் சத்தம். எலிகள் பறவை முட்டைகளைத் தின்று வெறிச்சோடிப்போன சரிவு என்று சொல்வீர்களே, அதுதான். இப்போது கால் வைக்க இடமில்லை, அண்ணை. பொந்துக்குப் பொந்து பறவைக் குஞ்சு. அவள் வேறு பக்கம் பார்த்தபோது லேஞ்சியை எடுத்தேன். முடிச்சையும் அவிழ்த்தேன்.

கை விரியவில்லை. நீங்கள் பின்னால் நின்று "என்னடி செய்யிறாய்?" என்று அதட்டுகிற மாதிரி இருந்தது. உங்களுக்காகக் களவு செய்ய வந்தவளை நீங்களே பிடித்தால் நான் என்னதான் செய்வது? வாய்விட்டு ஏசினேன். திரும்பவும் முடிந்துகொண்டு இறங்கினேன். அழுகை வந்தது. உங்கள் மேலா, அந்தக் குஞ்சுகள் மேலா கோபம், எனக்கே விளங்கவில்லை.

திரும்பும்போது அந்தப் பெண்ணும் படகில் வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "தண்ணீருக்கு மேல் தெரிவது மலையின் உச்சி மட்டும்தான். அதன் அடிவாரம் கடலுக்குள் வெகுதூரம் போகிறது. எங்கள் விதியின் எல்லை அதற்கு முன்பே முடிந்துவிடும்."

எல்லை தாண்டியதும் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார். ஆழம் காட்டும் திரையில் கோடு இன்னும் சரிந்துகொண்டிருந்தது. "இதுவும் அதே பாறையா?" என்றேன். "அதே பாறைதான்" என்றாள். செம்பில் இருந்ததையும் லேஞ்சியில் இருந்ததையும் அங்கே கரைத்தேன். காற்று பாதியை என் முகத்தில் அடித்தது. அதிலும் உங்கள் குணம் போகவில்லை.

விதியும் முறியவில்லை, நீங்களும் உங்கள் தீவில்தான் இருக்கிறீர்கள். இப்போதாவது நிம்மதியா?

அடுத்த கோடையில் கூடுகளை எண்ண ஆள் தேவையாம். முழங்கால் நோவோடு இந்த வயதில் எனக்கேன் இந்த வேலை? ஆனாலும் "வாறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கட்டாயம் வருவேன். இன்னும் ஏச நிறைய இருக்கிறது.

உங்களோடு கோபம் தீராத,
ஒரே தங்கச்சி