பனிமய மாதாவுக்கு முப்பத்தொரு துண்டுகள்

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கும் பெல்லெகிரினோ மலைக்கு ஏறி இறங்கியாயிற்று. வெறுங்காலோடு ஒரு மணி ஐந்து நிமிடம். கிளறா அக்கா செபமாலையோடு முன்னால், நான் மூச்சோடு பின்னால். ஒரு அருள்நிறைந்த மரியேக்குப் பத்து அடி, அதுதான் எங்கள் கணக்கு. மேலே குகைக் கோவிலில் சாந்தா றொசாலியாவுக்கு ஒரு மெழுகுதிரி, பிறகு பாறையில் குந்தியிருந்து தேத்தண்ணீர். பதினாலு வருடமாக என் ஞாயிறு இதுதான்.

ஜூன் 24, செவ்வாய்

இதை இப்போதே எழுத வேண்டும். எழுத்து கோணலாய்ப் போனால் போகட்டும்.

நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டம்மாவை, இங்கத்தைய மரியாதைப்படி, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டு நடையில் மூன்று படங்கள் தொங்குகின்றன. 1984, 2001, 2018. அவர் கணவர் உயிரோடு இருந்தபோது இருவரும் போய்வந்த ஒரு பனியாறு, ஒரே இடத்தில் நின்று எடுத்தது. ஒவ்வொரு படத்திலும் பனி இன்னும் கொஞ்சம் மேலே ஒதுங்கியிருக்கும். பதினொரு வருடமாக, செவ்வாய்க்குச் செவ்வாய், அந்தப் பனிக்குத் தூசி துடைக்கிறவள் நான்.

இன்று சிஞ்ஞோரா கேட்டார்: "ஆகஸ்டில் உனக்கு ஐம்பது வயது. என்ன வேண்டும், சொல்." நான் யோசிக்கவே இல்லை. கையில் இருந்த துணியாலேயே மூன்றாவது படத்தைக் காட்டினேன். அது முடிந்து போவதற்குள் ஒருமுறை அதன்மேல் ஏறி நிற்க வேண்டும் என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு போனை எடுத்தார். அந்தப் பனியாறு இருக்கும் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் வழிகாட்டிகளின் கந்தோர் ஒன்று. ஐந்து நாள். முதலில் பனியில் நடக்கப் பழக்குவார்களாம், கடைசியில் கிரான் பரதீசோ மலையுச்சி. நாலாயிரத்து அறுபத்தொரு மீற்றர்! மன்னாரில் பிறந்தவளுக்கு உயரம் என்றால் பனைமரம்தான்.

போறன். நான் போறன்!

ஜூன் 25

பவுலிடம் சொன்னேன். என் மனிசனுக்கு கபோ சந்தையில் மீன்கடை வேலை. "ஐஸ் பாக்கவோ? விடிய என்ரை கடைக்கு வா, பெட்டி பெட்டியாக் காட்டிறன்." சாப்பிட்டு முடிந்து கோப்பையைக் கழுவி வைக்கும்போதுதான் கேட்டார்: "கயிறு கட்டுவினமோ?"

"ஓம், கட்டுவினம்."

"அப்ப சரி."

ஜூன் 29, ஞாயிறு

பொய் சொல்லிவிட்டேன். அதுவும் கோவில் மண்டபத்தில் நின்று.

பூசை முடிந்து எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தோம். ஆகஸ்டில் ஒரு கிழமை இருக்கமாட்டேன், வடக்கே ஒரு மலைக்குப் போகிறேன் என்றேன். கிளறா அக்கா உடனே கேட்டார்: "எந்த மாதா?"

அவரில் பிழையில்லை. நாங்கள் மலை ஏறுவதென்றால் உச்சியில் ஒரு மாதாவோ ஒரு அர்ச்சியசிட்டவரோ இருக்க வேண்டும். ஒருவரும் இல்லாத மலைக்கு யார் ஏறுவார்கள்? இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் நான் லீவு எடுத்ததெல்லாம் லூர்து, பாத்திமா, கலியாணம், செத்தவீடு. "சும்மா, பனி பார்க்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் என் வாயையே பார்த்தார்கள்.

"பனிமய மாதா" என்றேன்.

எங்கே இருந்து வந்தது அது? கிளறா அக்கா கன்னத்தில் கை வைத்தார். "ஆகஸ்ட் அஞ்சு திருநாளெல்லே! எங்களுக்குச் சொல்லாமல் போகப் பாத்தியோ, கள்ளி?"

கள்ளிதான்.

ஜூலை 6

மன்றாட்டுத் துண்டுகள் வரத் தொடங்கிவிட்டன. தாளில் எழுதி நாலாய் மடித்து, மாதாவின் காலடியில் வை என்று கையில் திணிக்கிறார்கள். வதிவிட அனுமதி, அந்தப் பெர்மெசோ, புதுப்பிக்க ஒன்று. முழங்கால் வலிக்கு ஒன்று. புனிதமலரின் மகள் சோதனை பாஸாக ஒன்று. இன்று மட்டும் ஒன்பது.

வாங்காமல் எப்படி விடுவது? வாங்கி என்ன செய்வது?

ஜூலை 16

புதுச் சப்பாத்து. ஒவ்வொன்றும் ஒரு கல். மகள் ஜூலி ஆறு தண்ணீர்ப் போத்தலை என் முதுகுப் பையில் அடுக்கி, வியா மக்வேதா தெருவில் முப்பத்தாறு பாகை வெயிலில் நடக்கவிட்டாள். கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். என் காலில் கிரான் பரதீசோ!

ஜூலை 27, ஞாயிறு

கிளறா அக்காவும் துண்டு தந்தார். அதுதான் முப்பத்தோராவது.

அவருடைய மகன் ஸ்ரீபன் லண்டனில் இருக்கிறான். போர்கோ வெக்கியோவில் எங்கள் ஜூலியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன் கோவிலில் இல்லாமல் பதிவுக் கந்தோரில் எழுத்துக் கலியாணம் செய்தான். இவர் போகவில்லை. அன்றிலிருந்து அவன் அம்மாவோடு பேசுவதில்லை, இவரும் எடுப்பதில்லை. இருவரும் ஒரே அச்சு.

"மற்ற ஆக்களின்ரை ஈரமானாலும் பறவாயில்லை, விமலா. என்ரையை உள்சட்டைக்குள்ளை வை. அவன் ஒரு சொல்லுப் பேசினால் எனக்குக் காணும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அங்கை ஒரு மாதாவும் இல்லை, நான் விளையாடப் போறன் எண்டு. சொல்லேல்லை. வெக்கங்கெட்டவள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விமானம் தூரினோவுக்கு. அங்கிருந்து பஸ். பவுல் விமான நிலையத்தில் என் கையில் ஒரு சோடி மீன்கடைக் கையுறையைத் தந்தார். "இதுக்குள்ளை குளிர் போகாது. சோதிச்சுப் பாத்தது." உலகத்தில் இவரைப்போல ஒருவர் இல்லை.

ஆகஸ்ட் 4

கண்டுவிட்டேன்! பஸ் வளைவில் திரும்பியதும் மேலே வெள்ளையாக. "அதோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். பனிமய மாதா திருநாள்

எதை முதலில் எழுத? எல்லாம் ஒன்றாக வருகிறது.

முதலில், ஊத்தை. பக்கத்தில் போனால் பனியாறு முழுக்க மண்ணும் சரளைக்கல்லும். பதினொரு வருடம் துடைத்தும் இவ்வளவு ஊத்தையா என்று எனக்குச் சிரிப்பு. ஒரு தும்புத்தடி இருந்திருந்தால் கூட்டியே இருப்பேன்.

பிறகு சப்பாத்துக்குக் கீழே றம்போனி என்கிற இரும்புப் பற்களைக் கட்டினோம். பாதத்தைத் தட்டையாக வைத்தால் பற்கள் எல்லாம் பிடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் கறுக், கறுக். பனிக்கட்டியில் நிற்கிறேன், வழுக்கவில்லை! வழிகாட்டி ஃப்ரான்சுவாஸ் எங்களை வெடிப்பு ஒன்றின் ஓரத்துக்கு ஒவ்வொருவராகக் கயிற்றில் விட்டாள். குனிந்து பார்த்தேன். மேலே இருந்த ஊத்தையெல்லாம் உள்ளே இல்லை. வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி, கீழே கீழே நீலம். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். போதும் வா என்று அவள் மூன்று முறை இழுத்தாள்.

எங்கள் கயிற்றில் நாலு பேர்: ஃப்ரான்சுவாஸ், ஒரு மாணவி, மிலானோவில் வங்கி வேலை செய்யும் ஒருவர், நான். பின்னேரம் ஃப்ரான்சுவாஸ் கேட்டாள்: "இப்படி ஒரே சீராக நடக்க எங்கே பழகினீர்கள்?" செபமாலை என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். பத்து அடிக் கணக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்படியானால் உச்சியில் இருக்கிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும்" என்றாள்.

"யார் இருக்கிறார் உச்சியில்?"

"மடோன்னா. வெள்ளைச் சிலை. தெரியாதா?"

மடோன்னா, எங்கள் மாதா! எனக்குத் தெரியாது! நான் சொன்ன பொய் அங்கே நாலாயிரம் மீற்றரில் சிலையாக நிற்கிறது! வயிறு நோகச் சிரித்தேன், பிறகு அழுதேன், வங்கிக்காரர் பயந்து தண்ணீர் தந்தார். இனிப் பகிடி இல்லை. முப்பத்தொரு துண்டையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் நான் பொய்க்காரி இல்லை.

தலைக்கவசமும் பனிக்கோடரியுமாக எடுத்த படத்தை ஜூலிக்கு அனுப்பினேன். ஒருவருக்கும் காட்டாதே என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு இதயம் மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 6

மலைவிடுதிக்கு ஏறிவிட்டோம். நாளை உச்சி. துண்டுகள் ஒரு பொலித்தீன் பையில், கிளறா அக்காவுடையது உள்சட்டைக்குள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாதாவைக் கண்டேன். தொடவில்லை.

சூரியன் வரும்போது பனியாற்றின் நடுவில் நின்றோம். முழுப் பனியும் ரோசா நிறமாகி, பிறகு மஞ்சளாகி, பிறகு கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. "சந்தோசம், சந்தோசம்" என்று ஒரு விசரியைப்போலச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஐம்பது வயதில் என் காலுக்குக் கீழே நானூறு வருடத்துப் பனியோ ஆயிரம் வருடத்துப் பனியோ, யாருக்குத் தெரியும்.

உச்சிக்குக் கீழே கடைசித் துண்டு பாறை. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. சிலை தெரிந்தது, பக்கவாட்டில், சின்னதாக, வெள்ளையாக. ஐம்பது மீற்றர் இருக்குமோ? எங்கள் வீட்டு வாசலிலிருந்து பாண்கடை வரை. அங்கேதான் வங்கிக்காரருக்குப் பயம் பிடித்தது. பாறையைக் கட்டிப்பிடித்தவர் விடவில்லை. மேற்கே முகிலும் ஏறிக்கொண்டிருந்தது. ஃப்ரான்சுவாஸ் சொன்னாள்: "இவரை நான் இறக்க வேண்டும். பின்னால் என் நண்பனின் கயிறு வருகிறது. உச்சிக்குப் போக விரும்புகிறவர்கள் அதில் மாறிக்கொள்ளலாம்."

மாணவி உடனே மாறினாள். நானும் என் கயிற்றின் கொளுக்கியில் கை வைத்தேன். அப்போது வங்கிக்காரர் என் பக்கக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். "சிஞ்ஞோரா, நீங்கள் அவிழ்க்காதீர்கள். உங்கள் கறுக் கறுக் பின்னால் கேட்டால்தான் என்னால் நடக்க முடிகிறது."

முப்பத்தொரு துண்டு. ஐம்பது மீற்றர். என்ன செய்ய?

அவிழ்க்கவில்லை.

பனிக்காகப் போட்ட கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது, இன்றைக்குத்தான் தெரிந்தது. மாணவியிடம் கொடுத்துவிட்டிருக்கலாம் என்று தோன்றியபோது அவள் கயிறு பாறைக்கு மேலே போய்விட்டது. துண்டுகளை அங்கேயே பனியில் வைக்கலாமோ என்று கேட்டேன். பனியாற்றில் ஒரு தாள்கூட விடக்கூடாது என்றாள் ஃப்ரான்சுவாஸ். சரிதான், நானும் துப்புரவுக்காரிதானே.

இறங்கும்போது அவருக்காகச் சத்தமாகவே சொல்லத் தொடங்கினேன், தமிழில். ஒரு அருள்நிறைந்த மரியே, பத்து அடி. ஒவ்வொன்றும் ஒரு துண்டுக்கு, பெயர் சொல்லி. முப்பத்தோராவதைக் கிளறா அக்காவுக்குச் சொல்லி நிறுத்தினேன். "நிறுத்தாதீர்கள்" என்றார் அவர். திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆகஸ்ட் 8

முகம் தோல் உரிகிறது. எல்லா மூட்டும் நோகிறது. இவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததே இல்லை. ஆனால் கிளறா அக்காவின் துண்டு இன்னும் என் உள்சட்டைக்குள்தான். ஞாயிறு சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெல்லெகிரினோ. ஏறும்வரை அக்கா ஒன்றும் கேட்கவில்லை. மாதா எப்படி, கூட்டமோ, ஒன்றுமே. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பாறையில் குந்தியிருந்து அவர் தேத்தண்ணீரை ஊற்றியதும், நான் உள்சட்டைக்குள்ளிருந்து அவருடைய துண்டை எடுத்து மடியில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மண்டபத்தில் சொன்ன பொய், உச்சியில் உண்மையாகவே நின்ற மாதா, ஐம்பது மீற்றர்.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம்."

போனைத் திறந்து என் முன்னால் நீட்டினார். நான்! தலைக்கவசம், கோடரி, முப்பத்திரண்டு பல்லும் வெளியே. ஜூலி படத்தை ஊருக்கெல்லாம் போட்டிருக்கிறாள், சனியன். அது லண்டனுக்குப் போய் அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறது. படத்துக்குக் கீழே, ஆறாம் திகதி: "அம்மா, இது விமலா அன்ரியே? நீங்களும் போனீங்களோ? சரியான குளிர், கவனமா இருங்கோ."

ஸ்ரீபன்.

"ரெண்டு வருசத்துக்குப் பிறகு பிள்ளை எழுதினது" என்றார் அக்கா. "நீ பொய்க்காரி எண்டதும் அதிலைதான் தெரிஞ்சுது. நான் முதல்லை அழுகிறதோ, உன்னை ஏசுறதோ?"

"ஏசுங்கோ அக்கா."

"எப்பிடி ஏச? நானும் பொய் எழுதிப்போட்டன்."

"என்னெண்டு?"

"'ஓம், நானும் வந்தனான்' எண்டு." முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். "போகேல்லை எண்டால் கதை அதோடை முடிஞ்சிடுமெல்லே. உடனை கோல் எடுத்தான், விமலா. அம்மா உங்களுக்கு விசரோ எண்டு சிரிக்கிறான். நான் கயிறு பிடிச்சனான் எண்டு சொன்னன். இண்டைக்குப் பின்னேரமும் எடுப்பான். சொல்லு, காலிலை கட்டிறதுக்கு என்ன பேர்? வெடிப்பு எவ்வளவு ஆழம்? ஒண்டும் விடாமல் சொல்லு."

தேத்தண்ணீர் ஆறிப்போனது. நான் சொன்னேன். அவர் துண்டைத் திறந்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். றம்போனி. நீலம். பாதம் தட்டையாக.

ஆகஸ்ட் 12

சிஞ்ஞோரா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தண்ணீர்ச் சத்தம் கேட்டதா?" கேட்டது என்றேன். மூன்றாவது படத்துக்குப் பக்கத்தில் என் படத்துக்கு ஆணி அடிக்கச் சொன்னார். இனி நாலு படத்துக்குத் தூசி துடைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மண்டபத்தில் உண்மையைச் சொல்லியாயிற்று. புனிதமலர் நன்றாக ஏசினார். பிறகு என் றம்போனிப் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். முப்பது துண்டும் என் அலுமாரியில். திருப்பி வாங்க ஒருவரும் வரவில்லை, அடுத்த முறை கொண்டுபோ என்கிறார்கள்.

அடுத்த ஆகஸ்ட் ஸ்ரீபன் மனைவியோடு வருகிறானாம். அம்மா நடந்த பனியாற்றை அம்மாவே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமாம்.

இன்று பெல்லெகிரினோவில் கிளறா அக்கா புதுச் சப்பாத்தும் முதுகில் ஆறு போத்தலுமாக என் பின்னால் வந்தார். பதினாலு வருடத்தில் முதல்முறையாக நான் முன்னால். பாதி வழியில் நின்று, குதிக்காலில் கொப்புளம் என்றார்.

"ஸ்ரீபனிட்டை உண்மையைச் சொல்லலாமே, அக்கா?"

"பேசாமல் நட" என்றார்.

பத்து அடிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.