கமலா கட்டும் பூ

செவ்வாய்க்கிழமை.

கமலாவுக்கு மறதி நோய் வந்ததிலிருந்து, கட்டின புருசன் என்னையே "சார்"னுதான் கூப்பிடுறா. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்ச காலத்திலேயே கோயிலுக்குப் பூ கட்டுவா. அந்தக் கைப்பழக்கம் மட்டும் போகல. தானா ராத்தா டவுன் பூக்கடையில எட்டு மாலை கேட்டிருந்தாங்க. அந்தக் காசுதான் இப்ப வீட்டுச் செலவுக்கு. அவளுக்குக் கை வலிக்குமேன்னு இன்னிக்கு நானும் பக்கத்துல உக்காந்து கட்டினேன். ஒரு முழம் முடியறதுக்குள்ள செவ்வந்தியெல்லாம் நழுவிக் கொட்டிருச்சு.

கமலா நிமிர்ந்து பார்த்தா. "என்னங்க, இப்படியா கட்டுவாங்க? நூலை இறுக்கிப் பிடிங்க லா!"

என்னங்க. இதைக் கேட்டு எத்தனை மாசமாச்சு. பதில் பேசினா திரும்பவும் சார் ஆயிருவேனோன்னு பயமா இருந்திச்சு.

அடுத்த முடிச்சை வேணும்னே தப்பாப் போட்டேன். மறுபடியும் திட்டினா.