கோல்ட் என்றால் குளிர்

கல்முனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் றிபாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீ சுகமாக இருக்க துஆக் கேட்டபடி உம்மா எழுதுகிறேன். வாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நான் கட்டிலடியில். போனில் கதைத்தால் அவருக்குக் கேட்கும். அதனால் எழுதி, தங்கச்சி நிப்லாவைக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறேன்.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு வாப்பாவுக்குத் தமிழ் வருவதில்லை, சில இங்கிலீசுச் சொற்கள்தான் வருகின்றன என்று உனக்குத் தெரியும். அவையும் மாறி வருவதை நான் உனக்குச் சொல்லவில்லை. கதவைத் திறக்க வேண்டுமென்றால் "குளோஸ்" என்பார். எழுப்பி இருத்த வேண்டுமென்றால் "டவுன்" என்பார். நான் விளங்காமல் நின்றால் கட்டிலில் அடித்து அழுவார். இருபத்தெட்டு வருடம் பாலமுனையில் இங்கிலீசு படிப்பித்த மனிசன். எந்தச் சொல்லையும் எதிர்ச்சொல்லோடுதான் கொடுப்பார். "சோடியாப் படிச்சாத்தான் மண்டைக்குள்ள நிக்கும்" என்பார். இப்போது ஒன்றைத் தேடினால் அதன் சோடி வாய்க்கு வந்துவிடுகிறது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நிப்லாவின் புத்தகத்தில் இருந்த எதிர்ச்சொற்களை ரொட்டி சுடும்போதும் பாடமாக்கினேன். ஹொட், கோல்ட். வெட், டிரை. அவர் ஒன்றைச் சொன்னால் நான் மற்றதைச் செய்வேன். ஒருநாள் "டிரை" என்றார். இடுப்பில் உடுத்திருந்த சாரனைத் தொட்டுப் பார்த்தேன், நனைந்திருந்தது. மாற்றிவிட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வழி பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன், மகன்.

போன செவ்வாய் "கோல்ட்" என்றார். உடம்பும் சூடாக இருந்தது. புழுக்கமாக்கும் என்று போர்வையை எடுத்து ஃபேனைப் போட்டேன். "கோல்ட், கோல்ட்" என்றார். ஃபேனைக் கூட்டினேன். மறுநாள் பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை அக்கா பார்க்க வந்தார். "முனவ்வறா, மனிசன் காய்ச்சலில நடுங்குது, நீ காத்தப் போட்டு வச்சிருக்காய்" என்றார். அந்த முறை வாப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வலது உள்ளங்காலில் சீனி வியாதிப் புண் கறுத்துப் போயிருந்தது. அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி இல்லை. நானும் அதுவரை திருப்பிப் பார்க்கவில்லை.

காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டுமாம். "வச்சிருந்தா நஞ்சு ஏறிடும் உம்மா. ஆனா இதயமும் பலவீனமா இருக்கு. அவரிட்டக் கேட்டுட்டு சைன் வைங்க" என்றார் டொக்டர் கஜேந்தினி. கேட்டேன். "கால எடுக்கச் சொல்லட்டா?" என்று நானே கேட்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து "நோ" என்றார். திரும்பக் கேட்டேன். அப்போதும் "நோ". தலையை மட்டும் ஓம், சரி என்பதுபோல் அசைத்தார். பேனையைக் கொடுத்தேன். இடக்கையால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாளை பத்து மணிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவருடைய சொல்லைத் திருப்பவும் பயமாக இருக்கிறது, அப்படியே எடுக்கவும் பயமாக இருக்கிறது. நீ மூத்த பிள்ளை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வீடியோ கோல் எடு. அவருடைய முகத்தைப் பார்த்து நீயே கேள். உனக்கும் விளங்காவிட்டால் போனை வைத்துவிடாதே, மகன். கொஞ்ச நேரம் அவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

இப்படிக்கு,
உன் உம்மா
முனவ்வறா